கூரைக்குப் பணம் தருகிறீர்கள், அதைப் பிடித்துவைக்க?

கடலோர மாவட்டங்களில் வீட்டுத் திட்டங்களையும் புயல் நிவாரணத்தையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேதாரண்யம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாட்டுக்கொட்டகை எல்லாம் செய்வோம். கஜா புயலுக்குப் பிறகு பாதிப் பிழைப்பு ஷீட் கூரைதான். கஜாவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது எங்கள் கரையில் ஏறிய பிறகு, மாதக்கணக்கில் இங்கே தங்கி வேலை பார்த்தவர்களில் உங்கள் துறைக்காரர்களும் உண்டு. அதனால் பழைய கதையை விட்டுவிட்டுப் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் வந்தது புயல்கூட இல்லை. பெயர் வைக்காத காற்று. சாயங்காலம் இடி மழையோடு கொஞ்ச நேரம் சுழற்றி அடித்தது, அவ்வளவுதான். எங்கள் பின்தெருவில் ஒரு அக்காவின் வீட்டுக் கூரை போய்விட்டது. உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். வீட்டுக்காரர் இல்லை, படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். செங்கல் சுவர், மேலே கலர் ஷீட். அரசாங்க உதவித்தொகையோடு கடனும் வாங்கிப் போட்ட கூரை, பெயின்ட்கூட மங்கவில்லை. ஷீட் ஷீட்டாகப் பறந்திருந்தாலாவது பரவாயில்லை. அடியில் இருந்த பைப் சட்டத்தோடு மொத்தமாகப் பெயர்ந்து பக்கத்துத் தோப்பில் தென்னை மேல் சாய்ந்து நின்றது. தாயும் மகளும் அப்போது கடைத்தெருவில் இருந்ததால் தப்பித்தார்கள்.

கணக்கெடுக்க ஒருவர் வந்தார். அவர் பெயரையோ அலுவலகத்தையோ இங்கே சொல்லப் போவதில்லை, அவரும் விதிப்படிதான் நடந்துகொண்டார். நாலு சுவரும் நிற்பதைப் பார்த்தார். "பகுதி சேதம்" என்று எழுதிக்கொண்டார். நிவாரண விதியில் பகுதி சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். முழுக்க இடிந்தால் 1,20,000. ஆக, சுவர் விழாதது அந்த அக்காவின் குற்றம். தலைக்கு மேல் வானம் தெரிகிற வீட்டில் எது பகுதி, எது முழுசு என்பதை யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தால் நல்லது. அப்புறம், "பறந்த ஷீட்டையும் வைத்து ஒரு போட்டோ வேண்டும்" என்றார்கள். கூரை பறந்த வீட்டுக்காரர் கூரையைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும்! சில ஷீட்டுகளைக் காணவே காணோம். அதில் ஒன்று அடுத்த ஊரில் கோழிக்கூண்டுக்கு மேல் கிடப்பதாகக் கேள்வி. அதைக் கேட்கப் போனதில் உப்பளக் கூலியும் போனது.

இப்போது அந்த வீட்டின் மேல் தார்ப்பாய் இருக்கிறது. தார்ப்பாய்க்குள் ஒரு வீடு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் உள்ளே உட்கார முடியாது, அனல். இரவில் காற்று கொஞ்சம் எழுந்தாலே அது படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும், தூக்கம் போச்சு. இரண்டு பேரில் ஒருவர் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் பாடப் புத்தகங்கள் மூடி போட்ட அரிசி டிரம்மில் இருக்கின்றன. அரிசி வெளியே கோணிப்பையில் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி என் பட்டறை இரும்பு பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பட்டறைக்கு கான்கிரீட் தளம் என்பதுதான் காரணம். ஐப்பசி பிறந்தால் இன்னும் சில வீடுகளின் பைகள் வரும். தை மாதம் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வெல்டிங் பட்டறையா, வங்கி லாக்கரா என்று எனக்கே சந்தேகம்.

தென்னை மேல் கிடந்த சட்டத்தை இறக்கியது நான்தான். அதனால் அது ஏன் போனது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. சுவரின் மேல் செங்கல்லைக் கொத்தி, குழி எடுத்து, பைப்பை நட்டு, ஒரு கரண்டி சிமென்ட் கலவையைப் பூசியிருந்தார்கள். கதவு, ஜன்னலுக்கு மேல் ஓடும் லிண்டல் கான்கிரீட்டோடோ அஸ்திவாரத்தோடோ அதற்கு எந்தப் பிடிப்பும் கிடையாது. பல்லைப் பிடுங்குவதைவிட எளிதாக வந்திருக்கும். ஷீட்டைத் தாங்குகிற குறுக்குப் பைப்புகளான பர்லின்களுக்கு நடுவே இருக்க வேண்டியதைவிட அதிக இடைவெளி. ஒரு பைப்பை மிச்சம் பிடிக்கலாமே. ஓரத்தில் ஷீட்டின் மேட்டுக்கு மேடு ஸ்க்ரூ அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று மேட்டுக்கு ஒன்று. அந்த ஸ்க்ரூவும் சாதா ஸ்க்ரூ. உப்புக் காற்றில் தலை துருப்பிடித்து, ரப்பர் வாஷர் சுருங்கி, ஓட்டை பெரிதாகியிருந்தது. வெல்டு வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோனதற்கு மேல் பெயின்ட் அடிக்கவில்லை, அங்கேயும் துரு. முன்பக்கத் திண்ணைக்கு நிழல் வேண்டும் என்று அதே ஷீட்டை இழுத்து வெளியே நீட்டிவிட்டிருந்தார்கள். காற்று முதலில் கை வைத்தது அங்கேதான்.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கையெழுத்துப் போடுகிற எல்லோரும் பொறியாளர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் கலர் ஷீட் நாலைந்து கிலோ எடைதான் இருக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காற்றுக்கு அதே ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 70 கிலோ எடைக்குச் சமமான விசை உண்டு. அது கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, தாண்டிப் போகும்போது மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஜன்னல் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். ஓரம், மூலை, முகடு மூன்றிலும் இழுப்பு இன்னும் அதிகம். ஆகவே ஷீட் தன் எடையால் வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, ஸ்க்ரூவாலும் போல்ட்டாலும்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒன்று விட்டுவிட்டால் அடுத்ததன் மேல் பாரம் விழும், அப்புறம் வரிசையாகப் போய்விடும். கூரை மேல் கருங்கல், டயர், மணல் மூட்டை ஏற்றுகிறார்களே, அதெல்லாம் மனசு ஆறுதலுக்கு. காற்று முற்றினால் அந்தக் கல்லே பறந்து அடுத்த வீட்டுக்காரன் மண்டையில் விழும்.

எப்படிப் போட வேண்டும் என்பது ரகசியமும் இல்லை. புயல் பகுதியில் சிறு வீடுகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2004-லேயே ஐ.எஸ். 15498 என்று ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை பிடிப்பு அறுபடாமல் இருக்க வேண்டும், ஓரங்களில் போல்ட்டை நெருக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் இருபது வருஷத்துக்கு மேலாக அச்சில் இருக்கிறது. நான் கேட்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கூரைக்குத் தருகிற பணத்தில், அதைப் பிடித்துவைக்கிற வேலைக்கு என்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற ஆள் போட்டு, இன்னொருவர் ஏணியில் ஏறிப் பார்த்த பிறகு கடைசித் தவணையை விடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

"நல்ல மேஸ்திரியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு" என்று நீங்கள் சொல்லலாம். தொழிலில் இருப்பவன் என்பதால் இதற்குப் பதில் சொல்கிறேன். அந்த அக்கா முதலில் என்னிடம்தான் விலை கேட்டார். சுவருக்குள் புதைத்துப் பிடிக்கிற ஆங்கர் போல்ட், நெருக்கமாக பர்லின், மேட்டுக்கு மேடு ஸ்க்ரூ, துருப்பிடிக்காத வாஷர், வெல்டு மேல் இரண்டு கை பெயின்ட் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். இன்னொருவர் என்னைவிடக் குறைத்துச் சொன்னார், வேலை அவருக்குப் போனது. அந்த அக்கா மேல் தப்பில்லை. தரையில் நின்று பார்த்தால் இரண்டு கூரையும் ஒரே மாதிரி நீலமாகத்தான் இருக்கும். வித்தியாசம் ஸ்க்ரூ எண்ணிக்கையிலும் சுவருக்குள் புதைந்திருப்பதிலும் இருக்கிறது, அதைப் பார்க்க யாரும் ஏணி வைப்பதில்லை. பார்க்க வருகிறவரும் ஷீட் எத்தனை என்று எண்ணுகிறார், ஸ்க்ரூ எத்தனை என்று எண்ணுவதில்லை. ஷீட்டுக்கு பில் கேட்கிறார், போல்ட்டுக்குக் கேட்பதில்லை. இப்படி இருந்தால் ஒழுங்காக வேலை செய்பவன் ஒவ்வொரு முறையும் விலையில் தோற்பான். குறைத்துப் போடுகிறவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாட்டுக்கொட்டகை போட்ட கையோடு வீட்டுக்கும் போடுகிறார். கரண்ட் வயர் இழுக்க லைசென்ஸ் கேட்கிறீர்கள். ஒரு குடும்பம் அடியில் படுத்துத் தூங்குகிற கூரையைப் போட ஏணி ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிட்டீர்கள்.

இதில் இன்னொன்று. கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியை 2015-இல் திருத்தினார்கள். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் வரை புயல் பகுதி என்று வைத்து, புயல் பாதுகாப்பு மையம், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றை வடிவமைக்கக் கணக்கில் எடுக்கும் காற்று வேகத்தை 1.30 ஆல் பெருக்கச் சொன்னார்கள். சரி, நியாயம். தொழிற்சாலைக்கு 1.15. மற்ற எல்லாவற்றுக்கும் 1. அந்த மற்ற எல்லாவற்றிலும்தான் நாங்கள் குடியிருக்கிறோம். மனுஷன் படுக்கிற இடத்தைவிட மிஷின் நிற்கிற இடத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு! குறைந்தபட்சம் அந்த 1 ஒழுங்காகக் கிடைத்தால் போதும் என்கிற நிலைமையில் இருக்கிறோம் என்பது வேறு விஷயம். அதே ஆவணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போட்டிருக்கிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். போன மாதக் காற்று அதற்குக் கிட்டவே வரவில்லை.

"கான்கிரீட் வீடு தருகிறோமே" என்பீர்கள். கலைஞரின் கனவு இல்லம் நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, கிடைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அது குடிசைக்காரர்களுக்கு. கீற்றைப் பிரித்துவிட்டுக் கடன்பட்டு ஷீட் போட்டவன் குடிசைக்காரன் கணக்கிலும் வரமாட்டான், மாடிவீட்டுக்காரன் கணக்கிலும் வரமாட்டான். முன்னேறியதற்குத் தண்டனை. கான்கிரீட்டும் கடலோரத்தில் போட்டுவிட்டு மறக்கக்கூடிய பொருள் இல்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளில் எத்தனை வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஆய்வுக்கூட்டம் நடத்துகிறீர்கள். மரம் அறுக்கும் இயந்திரம் இத்தனை, ஜெனரேட்டர் இத்தனை, மணல் மூட்டை இத்தனை, தற்காலிக முகாம் இத்தனை தயார் என்று மறுநாள் பேப்பரில் வரும். விழுந்த மரத்தை அறுக்க இயந்திரம் தயார், வீட்டை இழந்தவர்கள் தங்க முகாம் தயார். வீடு போகாமல் இருக்க என்ன தயார் என்று அந்தப் பட்டியலில் நானும் வருஷா வருஷம் தேடுகிறேன். தானே, வர்தா, ஒக்கி, கஜா, நிவர், மாண்டஸ், ஃபெஞ்சல் என்று பெயர்தான் மாறுகிறது. 2018-இல் கஜாவுக்கு முழுசாகப் போன குடிசைக்கு 10,000 ரூபாய் அறிவித்தார்கள். 2024-இல் ஃபெஞ்சலுக்கும் குடிசைக்கு அதே 10,000. இடையில் ஷீட் விலை எங்கே போனது என்று என் கடன் நோட்டைக் கேட்டால் தெரியும்.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். புது வீடோ நிவாரணமோ பழுதுபார்ப்போ, ஷீட்டுக்கு நீங்கள் ரூபாய் தருகிற ஒவ்வொரு இடத்திலும் அதைப் பிடித்துவைக்கிற வேலைக்கும் சேர்த்துத் தாருங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வெல்டர்களையும் கொத்தனார்களையும் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, தேறியவர்கள் பெயரை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். ஓரத்தில் எத்தனை ஸ்க்ரூ, பர்லின் எத்தனை அடிக்கு ஒன்று, சுவரோடு எப்படிப் பிணைப்பது என்று படம் போட்டு ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு அந்த அக்காவே என் வேலையைச் சரிபார்க்கட்டும், எனக்குச் சம்மதம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஒன்றியத்திலாவது தொடங்கினால் புண்ணியமாகப் போகும். பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் என் பட்டறைக்கு முன்னால் காலி இடம் இருக்கிறது. ஏணி, டிரில்லிங் மிஷின், பழைய ஷீட் எல்லாம் நான் தருகிறேன். சொல்லித்தர ஒரு பொறியாளரை மட்டும் தயவுசெய்து நீங்கள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர்