ஜோர்ஜ்டவுன் கடை மானியம்: சுவர் பூசும்போதே வந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நகர மையத்துச் சிறு வணிகர்களுக்குப் பொதுப்பணத்தில் மானியம் கொடுக்கும்போது, அதை யார், எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள் என்பது பற்றியே இக்கடிதம். மானியம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் மாலை கட்டுகிறவரும் மசாலா அரைக்கிறவரும் பாத்திரம் விற்கிறவரும் நிலைத்து நிற்க உதவி தேவைதான். ஆனால் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் கோப்பில் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. தாள்களைச் சரியாக அடுக்குவது ஏமாற்ற நினைப்பவருக்குக் கைவந்த கலை. திணறுவது உண்மையான கடைக்காரர்தான்.

எஸ்.எஸ்.எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) தரும் வணிகப் பதிவுச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். 60 ரிங்கிட் கட்டினால் ஒரு வணிகப் பெயரை ஓராண்டுக்குப் பதிந்துவிடலாம். பெயர் பதிவாகியிருக்கிறது என்பதற்குத்தான் அது சான்று. கடை நடக்கிறது என்பதற்கு அல்ல. ஒரே கடைக்குக் கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று மூன்று விண்ணப்பம் போக முடியும். பெயரை வைத்துத் தேடினால் இது அகப்படாது. கடை முகவரி, மாநகர் மன்ற லைசென்ஸ் எண், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆறு மாத மின்கட்டண பில் கூடவே இருக்கட்டும். மாவு இயந்திரம் ஓடும் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த பில்லே சொல்லிவிடும்.

பெரிய ஓட்டை பாதிக்குப் பாதி மானியத்தில் இருக்கிறது. கடைக்காரர் பாதி, மானியம் பாதி என்பது ஏற்பாடு. 4,000 ரிங்கிட் விலையுள்ள இரண்டு கதவு சில்லருக்கு (குளிர்பதனப் பெட்டிக்கு) விற்பவர் 8,000 என்று பில் போட்டுவிட்டால், முழு விலையும் மானியத்திலேயே அடைந்துவிடுகிறது. கடைக்காரர் தன் பங்காகக் கட்டிய 4,000 ரொக்கமாக அவர் கைக்கே திரும்பிவிடும். மூன்று விற்பனையாளர்களிடம் கொட்டேஷன் (விலைப்புள்ளி) கேட்கும் விதி இதைத் தடுக்காது. மூன்றையும் ஒரே ஆள் ஏற்பாடு செய்யலாம். கவனித்துப் பார்ப்பவருக்கு அடையாளம் தெரியும்: மூன்று தாளிலும் ஒரே எழுத்துப்பிழை, எஸ்.எஸ்.எம் விவரத்தை எடுத்தால் ஒரே முகவரி, அல்லது போன மாதம்தான் பதிவான நிறுவனம். சில்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். அதிகாரி அதைக் கடையிலேயே படம் எடுத்து, அதே மாடலின் விலையை வேறு இரண்டு கடைகளில் விசாரித்தால் போதும். ஓராண்டு கழித்து மீண்டும் போய் அதே எண்ணுள்ள சில்லர் அங்கே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாங்கிய பொருளைச் சில மாதங்களில் விற்றுவிட்டால் கோப்பில் அது தெரியவே தெரியாது.

கட்டடப் பழுதுபார்ப்பு மானியத்தைச் சரிபார்ப்பது இன்னும் கடினம். 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தளமானது; அடுத்த ஆண்டே மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானாவின் துணை நிறுவனம் திங்க் சிட்டி இங்கே மானியத் திட்டம் தொடங்கியது. அன்று முதல் கடைவீட்டுச் சுவர்தான் முக்கியச் செலவு. இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை, அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சிமெண்டு பூசி அதன்மேல் சாதாரண எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, இடுப்பளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்து உதிரும். சுண்ணாம்பில் ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது போட முடியும். அவசரப்படும் கட்டட ஒப்பந்தக்காரருக்குச் சிமெண்டுதான் வசதி. பெயிண்ட் அடித்த பிறகு எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே பெயிண்டுக்கு முன்பே அதிகாரி வந்து பார்க்க வேண்டும். பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த தவணை போக வேண்டும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 60 சதுர மீட்டர் சுவரில் 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச 1.2 கன மீட்டர் கலவை தேவை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்றால், சுண்ணாம்பு மணலின் இடுக்குகளில் அடங்கிவிடுவதால், அது மட்டும் ஏறத்தாழ 400 லிட்டர் வேண்டும். டெலிவரி ஆர்டரில் (பொருள் வந்து சேர்ந்ததற்கான சீட்டில்) 25 கிலோ மூட்டை இரண்டுதான் இருக்கிறதென்றால் மற்றச் சுவரெல்லாம் எதனால் பூசப்பட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

சுவர் நன்றாக அமைந்த பிறகும் கடைக்காரர் அங்கே இருப்பாரா? வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்ததிலிருந்து இந்த வட்டாரத்தை வாட்டும் கேள்வி இது. மானியம் உரிமையாளரின் கட்டடத்தில் போய்ச் சேர்கிறது, கட்டடத்தின் மதிப்பு ஏறுகிறது, வாடகையும் ஏறுகிறது, மாலை கட்டுகிறவர் அஞ்சடியை (கடை முன் நடைபாதையை) விட்டே போய்விடுகிறார். சிறு வணிகருக்கென்று ஒதுக்கிய பணம் அவரையே வெளியேற்றிவிட்டால் அதைவிடப் பெரிய கணக்குப் பிழை வேறில்லை. இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மூன்று ஆண்டு வரையான வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் நிலப்பட்டாவில் குறிப்பாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் கட்டடம் கைமாறினாலும் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தக் குறிப்பு ஏறி, வாடகையும் எழுத்தில் உறுதியான பிறகே முதல் தவணையைக் கொடுக்கலாம். இடையில் வெளியேற்றினால் மீதிக் காலத்துக்கு உரிய மானியத்தை உரிமையாளர் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் சொல்லும்போது நிபந்தனை கூடிக் கூடிச் சின்னக் கடைக்காரர் ஓடிவிடக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'முழுப் பணத்தையும் முதலில் கட்டு, பிறகு திருப்பித் தருகிறோம்' என்ற விதி, கையிருப்பு உள்ளவருக்கு மட்டுமே பயன்படும். கடைக்காரரின் பாதி வங்கி வழியாகப் போகட்டும். மானியப் பாதியைப் பொருள் வந்து சரிபார்த்த ஒரு வாரத்துக்குள் விற்பவருக்கே நேராகக் கட்டிவிடலாம். கணக்கர் வைக்க வசதியில்லாதவரிடம் தினசரிக் கணக்கு நோட்டையும் மொத்த வியாபாரி தந்த பில்களையும் பார்த்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. மாநகர் மன்றத்தில் அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதால் இன்று எல்லாருமே நியமனம் பெற்றவர்கள். வாக்குச்சீட்டால் கேள்வி கேட்க வழியில்லாத நிலையில், கணக்கு வெளிப்படையாக இருப்பதே மக்களுக்குள்ள ஒரே பிடி. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் செயற்குழுக்களுக்கு அது பொருந்தாது. குழுவே தீர்மானம் போட்டால்தான் கதவு திறக்கும். மானியம் யாருக்கு என்பது குழுவில் முடிவானால், அந்தப் பேச்சைக் கேட்க நமக்கு உரிமை இல்லாமல் போகிறது.

பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொருவரும் மனுப் போட்டுக் கேட்டு வாங்கும் நிலைக்கு விடாமல், கடையின் பெயர், முகவரி, தொகை, எதற்காக, எந்தத் தேதியில் யார் வந்து சரிபார்த்தார் ஆகிய ஐந்து விவரங்களையும் மாநகர் மன்றமே தன் இணையப் பக்கத்தில் வெளியிடட்டும். அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். மானியம் வழங்கும் குழு எதுவானாலும், முதல் கூட்டத்திலேயே 23ஆவது பிரிவின்படி தன் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்காய்வுப் பணியில் உள்ள வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு