நானாவின் காணிக்கு ‘மீள்’ என்ற சொல்லைக் கொடுங்கள்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முள்ளியவளைக்காரன் எழுதுகிறேன். போன மாதம் காணிப் பிரச்சினை பற்றி எங்கள் பக்கத்தில் நடந்த கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் வந்திருந்தார். யாரென்று எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும், மற்றவர்களும் இதற்குள் விசாரித்திருப்பீர்கள். பக்கத்துத் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் எழும்பித் தன் காணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இரண்டு வசனம் முடியவில்லை, பின்னாலிருந்து ஒருவன் “புத்தளத்துக்குப் போய்க் கேளுங்கோ” என்றான். இன்னொருவன் ‘தொப்பி பிரட்டி’ என்று, முஸ்லிம்களை நம்பமுடியாதவர்கள் என்று இழிக்கிற அந்தச் சொல்லைச் சொன்னான். சனம் சிரித்தது. மேடையில் இருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா பேசாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

சிரித்தவர்களில் என் சொந்தக்காரரும் உண்டு. நானும் எழும்பி ஒன்றும் சொல்லவில்லை, அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மைக் என் கையில் இருக்கவில்லை, ஐயா.

1990 ஒக்ரோபரை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அதற்கு மன்னிப்புக் கேட்டார். வெளியேற்றியவர்களே மன்னிப்புக் கேட்ட விசயத்தில் நீங்கள் எதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்?

நானாவின் கதையைச் சொல்கிறேன். போகும்போது அவருக்கு இருபத்துநாலு வயது. வளவில் ஒரு கிணறு, பதினொரு தென்னை, ஒரு பலா. புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டிலில் கலியாணம் கட்டி, நாலு பிள்ளைகளைப் பெற்று, அங்கே ‘அகதி’ என்று பெயர் கேட்டு, போர் முடிந்தபிறகு திரும்பி வந்தார். வளவு காடாகிக் கிடந்தது. கிணற்றை அவர் கண்டுபிடித்ததே அந்தப் பலாவை வைத்துத்தான். காட்டை வெட்டத் தொடங்கினால், ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறது. அலுவலகத்துக்குப் போனால் “உங்கள் பதிவு புத்தளத்தில்தானே இருக்கிறது” என்கிறார்கள். பதிவை மாற்றப் போனால் இருக்க வீடு காட்டச் சொல்கிறார்கள். வீடு கட்டக் காணி வேண்டும். காணிக்குப் பதிவு வேண்டும். இப்படியே பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஏறி அவருக்கு அறுபது ஆகப்போகிறது. பைலின் மூலையெல்லாம் ஒட்டுத்தாள். “தம்பி, அங்க அகதி, இங்க வந்தான் வரத்தான், வெளியூரான். நான் எந்த ஊர்க்காரன்?” என்று ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

எல்லைக்கல் எங்கள் காணிகளிலும் நட்டார்கள். போர் முடிந்தபின் எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமிலிருந்து நாங்கள் வந்தபோது எங்கள் வளவும் காடுதான். அதற்கு நீங்கள் பாராளுமன்றத்தில் கத்தினீர்கள், நன்றி. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? நாங்கள் வந்தால் அது ‘மீள்குடியேற்றம்’. நானா வந்தால் ‘குடியேற்றம்’. சில மேடைகளில் ‘அத்துமீறிய குடியேற்றம்’. அந்த ‘மீள்’ எங்கே போனது? 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நாலு குடும்பமாக வந்து நிற்கிறார்கள், காணி கூடத்தான் கேட்பார்கள். எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டித்தானே இருக்கிறார்கள்? அரசாங்கமும் 2008க்கு முன் இடம்பெயர்ந்தவர்களைப் ‘பழையவர்கள்’ என்று ஒதுக்கிப் பின்னுக்குத் தள்ளியது. அகதிக்கும் காலாவதித் திகதி போடும் நாடு இது.

நீங்கள் முஸ்லிம்களுக்காகப் பேசுவதே இல்லை என்று சொன்னால் அது பொய். முஸ்லிம்களைத் தாக்கி அளுத்கம எரிந்தபோதும் திகன எரிந்தபோதும் அறிக்கை விட்டீர்கள். கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாசாக்களை, அடக்கவிடாமல் உடல்களை எரித்ததை எதிர்த்தீர்கள். 2021இல் பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரை நடந்த பேரணியில் அதுவும் ஒரு கோரிக்கை, முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அதெல்லாம் கொழும்பைப் பார்த்துப் பேசியது. சிங்களக் கடும்போக்கைக் கண்டிக்க எங்களிடம் ஒரு வாக்கும் குறையாது, கைதட்டுத்தான் கூடும். முள்ளியவளையில் முன்வரிசையில் இருக்கிற ஆதரவாளரைப் பார்த்து “தம்பி, அந்தச் சொல்லை விடு” என்று சொல்லத்தான் நெஞ்சு வேண்டும். 1990இல் நடந்தது இனச்சுத்திகரிப்பு என்று தமிழரசுக் கட்சிச் சுமந்திரன் சொன்னதற்கு அவர் வாங்கின ஏச்சு எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் பயந்தீர்களோ?

போர்க்காலத்தில் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படை தமிழருக்குச் செய்ததை மறந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அதற்குத் தண்ணீரூற்று நானா என்ன செய்வார்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறபோது எங்களுக்குச் சர்பத் ஊற்றித் தந்தது அவரின் வாப்பா. அவர்கள் பக்கத்து அரசியல்வாதிகளும் காணியைக் காட்டி வாக்கு வாங்குகிறார்கள் என்பீர்கள். வாங்குவார்கள்தான். நீங்கள் பேசாமல் விட்ட இடத்தை வேறு யாராவது நிரப்பாமல் இருப்பார்களா? அரசியல் என்றால் ஆளுக்கொரு காயத்தை வைத்துக் கடை போடுவது என்றாகிவிட்டது...

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அறிக்கை வேண்டாம், கொழும்பில் ஆங்கிலப் பேட்டியும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில், எங்கள் ஊரில், தமிழில், எங்கள் முகத்தைப் பார்த்து, திரும்பி வருகிற முஸ்லிம்களுக்கும் இது சொந்த ஊர் என்று சொல்லுங்கள். யாராவது பின்னாலிருந்து கத்தினால் பேச்சை நிறுத்தி அவரைக் கண்டியுங்கள். தயவுசெய்து.

திகதியை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இனி ஒரு கூட்டத்துக்கும் வரமாட்டேன் என்று நானா சொல்லிவிட்டார். நீங்கள் பேசப்போகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன்.

மரியாதையுடன்,
முள்ளியவளை வாக்காளர் ஒருவர்