மாடியில் நூலகம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒன்று இருக்கிறது

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கக் கட்டடத்து மாடியில் நூலகம் அமைப்பதற்காக வீட்டுக்கு 1000 ரூபாயும் படித்து முடித்த புத்தகங்களும் கேட்டு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. நல்ல எண்ணம்தான். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடுத்து நம் சங்கத்தில் ஒருத்தரும் சண்டை போடாமல் நிறைவேறிய தீர்மானம் இதுவாகத்தான் இருக்கும். அதைக் கெடுக்க வருகிறேன், மன்னியுங்கள். இந்த நூலகம் நமக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதற்குப் பணமும் நாம்தான் கட்டுகிறோம்.

நகராட்சிக்கு நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்ந்து போகிறது. அரையாண்டுக்கு 2000 ரூபாய் வரி உள்ள வீடு என்றால் நூலகத்துக்கு 200 ரூபாய், வருடத்துக்கு 400. வாடகைக்கு இருப்பவர்களும் தப்பவில்லை, வீட்டுக்காரர் அதை வாடகையில் வாங்கிவிடுவார். இந்த ஏற்பாடு 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். சீர்காழியில் பிறந்து, கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர்.ரங்கநாதன் இப்படி ஒரு சட்டத்துக்காகப் பல காலம் பாடுபட்டார். தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. ஊரில் யாராவது மனமிரங்கிக் கொடுத்தால்தான் நூலகம் நடக்கும் என்ற நிலை கூடாது, அதற்கென்று நிலையான வருமானம் வேண்டும். வரி போட்டதன் நோக்கம் அது. நாமோ வரியையும் கட்டிவிட்டு, மறுபடி உண்டியல் குலுக்கப் போகிறோம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கிளை நூலகத்துக்குள் செயற்குழுவில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டுச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. காலையில் போனால் நாளிதழ் மேசையில் இடம் கிடைக்காது. ஒரே பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பெரியவர்கள் படிப்பார்கள், விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் வரிசை. உள்ளே சுவரோரம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். சாப்பாட்டு டப்பாவோடு வந்து சாயங்காலம் வரை இருப்பார்கள். வீட்டில் படிக்க ஒரு மூலைகூட இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. மின்வெட்டு வந்தால் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் பின்வரிசை நாவல் அலமாரி. யாரோ பென்சிலில் கருத்து எழுதி வைத்திருப்பார்கள். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் ‘முடிவு சரியில்லை’ என்று ஒருவர், அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘உனக்குப் புரியவில்லை’ என்று இன்னொருவர். புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான், ஆனால் அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த நாவலை எடுத்து வந்து படித்தேன். (முடிவு எனக்குச் சரியாகத்தான் பட்டது.)

சரி, மாடி நூலகம் என்னவாகும்? ‘படித்து முடித்த புத்தகங்கள்’ என்று கேட்டால் நம் வீடுகளிலிருந்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய நுழைவுத்தேர்வு கைடுகள், விண்டோஸ் 98 கற்றுக்கொள்ளும் புத்தகம், நடுவில் இரண்டு தொகுதி காணாமல்போன கலைக்களஞ்சியம். பரணைக் காலி செய்ய நல்ல வழி. சாவி செயலாளர் சார் வீட்டில் இருக்கும், அவர் பேரனைப் பார்க்கப் பெங்களூர் போனால் நூலகமும் விடுமுறையில் போகும். அப்புறம் அங்கே ஒரு கேரம் போர்டு வரும். கேரம் நல்ல விளையாட்டு, அதற்கு நேரடியாகவே வசூல் பண்ணலாம்.

அந்த 1000 ரூபாயைக் கிளை நூலகத்தில் கட்டினால் ‘புரவலர்’ ஆகலாம். ஆனால் பணத்தைவிட ஆட்கள் முக்கியம். உறுப்பினர் எண்ணிக்கையும் புத்தகம் எடுப்போர் எண்ணிக்கையும் பதிவேட்டில் ஏறினால்தான், மேலும் புத்தகம் வேண்டும், ஆள் வேண்டும் என்று நூலகர் மேலே கேட்க முடியும். இப்போது நம் கிளையில் அவர் ஒருவரேதான் புத்தகம் கொடுக்கிறார், வாங்குகிறார், அடுக்குகிறார், கதவையும் பூட்டுகிறார். வாசகர் வட்டம் என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. கூட்டம் பேசிப் பழகிய நம் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் அதில் சேர்ந்தால் உயிர் வந்துவிடும். மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, சங்கப் பணத்தில் ஓர் இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுங்கள். ஜன்னலோரம் நகரும் பிள்ளைகளுக்கு அது போதும்.

இன்னொன்றும் சங்கம்தான் செய்ய முடியும். நூலக வரியை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலான பணம் ஆணைக்குழுவுக்குக் காலத்தோடு போய்ச் சேருவதில்லை என்ற புகார் தமிழ்நாட்டில் பல இடங்களில் வருடக்கணக்காக இருக்கிறது. நம் ஊரில் எப்படி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய்தான். சாக்கடைக்கும் தெருவிளக்கு எரியாததற்கும் சளைக்காமல் மனு எழுதும் நம் பொருளாளர் மேடத்துக்கு இது ஒரு சாயங்கால வேலை.

அடுத்த பொதுக்குழுவில் மாடி நூலகத் தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உறுப்பினர் விண்ணப்பப் படிவங்களைக் கட்டாக வாங்கி வைத்திருக்கிறேன், கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். முகவரிச் சான்று நகல் ஒன்று எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அதனால் ஆபீஸ் போகிறவர்களும் நேரமில்லை என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத் தெரு உறுப்பினர்