இங்கே நான் வாங்கிக்கொள்கிறவன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கட்டுப் பிரித்ததும் முதலில் பேத்தியின் முகத்தைத்தான் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம். இங்கேயும் அவருக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அவரிடம் சொல்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். ஊழியம் எப்படிப் போகிறது, கூட்டம் ஆரம்பித்தாயா, எத்தனை பேர் வருகிறார்கள், வாலிபர் கூட்டத்தில் வாசிக்க, ஆண்டவர் இங்கே செய்ததைச் சொல்லி ஒரு சாட்சி எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். அப்படி எழுத இப்போதைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை. மிஷனரியாக வந்து தங்கியிருக்கிற இந்த ஊரின் மொழியைக் காலையில் படிக்கிறேன். படித்த நாலு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பேசுகிறேன்: என் பெயர் இது, உங்கள் மொழி படிக்க ஆசை, எனக்கு இவ்வளவுதான் பேச வரும், நாளைக்கும் வருகிறேன். மறுநாள் இன்னும் ரெண்டு வாக்கியம் கூடும். முதலில் பழக்கமானவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் மரியாதைக்காக என் தப்பைத் திருத்தாமல் விட்டுவிடுவார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள், சரியாகச் சொல்கிற வரைக்கும் என்னை நகரவே விடுவதில்லை.

டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு இப்படித்தான் தொடங்கினார் என்பதை இங்கே வந்தபிறகு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1706 ஜூலையில் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு 24 வயது நிரம்ப ஒரு நாள் இருந்தது, ஏறக்குறைய நம் வயசு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். நாம் ஞாயிறு பள்ளியில் இதை ஒரு கதையாகக் கேட்டு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததோடு கைதட்டி முடித்துவிட்டோம். நடுவில் நடந்தது நமக்கு யாரும் சொல்லவில்லை. டேனிஷ் கோட்டை அதிகாரிகளுக்கே அவரைப் பிடிக்கவில்லை, நாலு மாதம் சிறையில் போட்டார்கள். தன்னைச் சுற்றியிருந்த ஜனங்களிடம் அவர்களுடைய வழிபாட்டைப் பற்றி விசாரித்து விசாரித்து 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். இதற்காகவா உன்னை அனுப்பினோம் என்கிற தோரணையில் அங்கிருந்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். அது அச்சில் வந்தது 1867இல். அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது! ஒரு மனுஷன் இன்னொரு ஜனத்தைக் காதுகொடுத்துக் கேட்டதை, அவனை அனுப்பினவர்களே வீண் வேலை என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கும் நம் மாத அறிக்கைப் படிவங்களில் 'கேட்டது' என்று ஒரு கட்டம் கிடையாது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பார். எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறபோது ஆண்டவர் சொல்கிற காரியங்கள் என்ன? பணப்பை வேண்டாம், பை வேண்டாம், செருப்பு வேண்டாம். உங்களை ஏற்றுக்கொள்கிற வீட்டிலேயே தங்குங்கள், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள், வீடு விட்டு வீடு மாறாதீர்கள். அதாவது, அனுப்பப்பட்டவன் போய் நிற்கிற நிலைமையே இன்னொருவர் தயவில் இருக்கிற நிலைமை. இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன், ஆனால் பிரயாணத்துக்கான ஏற்பாடு என்றுதான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். இங்கே எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, வீட்டுக்கார அம்மா ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொண்டார்களே, அந்த ராத்திரியில் அது செய்தியின் ஒரு பங்கு என்று புரிந்தது. அவர்கள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவர்களுடைய சாமியிடம் எனக்காக வேண்டிக்கொண்டதாகக் காலையில் சொன்னார்கள். நானும் உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் அம்மா என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில். அவர்கள் சிரித்துக்கொண்டே, சரி, உன் சாமியிடம் என் மகனுக்கு வேலை கேள் என்றார்கள். இதைச் சாட்சியாக எழுதலாமா என்று நீயே சொல்.

இன்னொன்றும் கேட்டிருந்தாய், ஜனங்கள் சந்தேகப்படுவதில்லையா என்று. படுகிறார்கள், படுவதில் நியாயமும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஓர் இளைஞன் வந்து தங்கி, எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு முன்பே இங்கு வந்து குடும்பமாகத் தங்கியிருக்கிற மிஷனரி தம்பதி, நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், இந்த விஷயத்தில் ரொம்ப உறுதியானவர்கள். யார் கேட்டாலும் மறைக்காதே, நான் இயேசுவை நம்புகிறவன், அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்று நேராகச் சொல்லிவிடு என்றார்கள். வேறொரு வேலையைக் காரணம் காட்டிக்கொண்டு உள்ளே நுழைவது, உதவியைக் காட்டி ஆள் சேர்ப்பது, இதெல்லாம் எனக்கும் பிடிக்காது. உண்மையைச் சொன்னபிறகு சில பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் முன்பைவிட இயல்பாகப் பழகுகிறார்கள், வாதமும் பண்ணுகிறார்கள், அந்த வாதம் எனக்கு நல்ல மொழிப் பயிற்சி.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பேசினது உனக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டு மிஷனரிகள் பொருளைக் கொடுத்தார்கள், உயிரையே கொடுத்தார்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைக் கொடுங்கள் என்று அந்தச் சபையின் நடுவே கேட்டுவிட்டார். அன்றைக்குப் பலருக்கு அது கசந்தது. நாம் இதை எப்போதும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சொன்னதாகவே படித்து, நம்மை அவர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டோம். ஆனால் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதிலிருந்து, நம் ஆட்களும் போகிறவர்களின் பக்கத்தில்தான் நிற்கிறோம். அசரியாவே தெலுங்கு பேசுகிற தோர்ணக்கலுக்குப் போய் 1912இல் அங்கே பிஷப் ஆனவர். அந்தக் கேள்வி இப்போது என்னைப் பார்த்துத்தான் நிற்கிறது. நண்பன் என்றால் கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். இங்கே வருகிறவரைக்கும் ஊழியம் என்றால் கொடுப்பது என்று மட்டுமே எனக்குத் தெரியும்.

தனிமை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்விடுகிற நேரம் கஷ்டமானது. அந்த நேரத்தில் போனை எடுத்து ஊரில் இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே இருந்தால் உடம்பு இங்கேயும் மனசு அங்கேயும் கிடக்கும் என்று அண்ணன் சொன்னதால், அழைப்புகளை வாரக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டேன். அதனால்தான் உனக்குக் கடிதம். அப்புறம், மிஷனரி வாழ்க்கை வரலாறுகளில் நாம் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போன பக்கங்கள் இப்போது கண்ணில் படுகின்றன. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்து, முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். அந்த ஏழு வருஷத்தைப் பொறுமைக்கு உதாரணமாக மேடையில் சொல்வோம். அதே ஏழு வருஷத்தில் அவர் தன் சின்ன மகன் பீட்டரைப் புதைத்தார், மனைவி டாரதி மனநோயில் விழுந்து கடைசிவரை மீளவில்லை. இதை ஏன் மேடையில் சொல்வதில்லை? வருகிறவர்களும் அவர்கள் குடும்பமும் எதைச் சுமக்கிறார்கள் என்று அனுப்புகிற சபைக்குத் தெரிந்தால்தானே சரியாக ஜெபிக்க முடியும். அக்காவுக்கு இப்போது உடம்பு சரியில்லை, அதோடு பிள்ளைகளைப் படிப்புக்காகத் தூரத்தில் விட்டிருக்கிற ஏக்கம் வேறு. அவர்களுக்காக ஜெபம் பண்ணு, முடிந்தால் நேரடியாக அவர்களுக்கே நாலு வரி எழுது, யாரும் எழுதுவதில்லை.

வாலிபர் கூட்டத்தில் இந்தக் கடிதத்தையே வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. மிஷனரி ஆக வேண்டும் என்று அங்கே யாராவது உன்னிடம் சொன்னால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு புது மொழியை யாரிடமாவது கற்றுக்கொள்ளச் சொல், எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும். வீட்டுக்கார அம்மாவின் மகன் பெயரை அடுத்த முறை பேசும்போது சொல்கிறேன், அந்த வேலைக்காக நீயும் கேள். லீவு கிடைத்தால் சும்மா வந்து என்னோடு சில நாள் தங்கு, பிரசங்கம் எதுவும் தயார் பண்ண வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்