பால்கனியில் கம்பி எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெருவில் ஒரு புதுவீட்டின் பால்கனிக்குக் கான்கிரீட் போட்டார்கள். சுவரிலிருந்து மூன்றடி நீட்டம், ஐந்து அங்குலக் கனம். கம்பியை மேல்பக்கமாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் கலவைச் சட்டியோடு வந்தவர்கள் அதன் மேலேயே மிதித்து நடக்க, கம்பி சென்ட்ரிங் பலகையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். "கம்பி எண்ணிக்கை சரியாக இருக்கிறது ஐயா, பயப்பட வேண்டாம்" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் கட்டடவியல் கற்பித்தவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்புக்கு ஒரு மெத்தைப் பஞ்சுத் துண்டைக் கொண்டுபோவேன். அதன் பக்கவாட்டில் பேனாவால் நெட்டுக்கோடுகள் வரைந்திருப்பேன். இரு முனைகளையும் செங்கல் மேல் வைத்து நடுவில் அழுத்தினால் கோடுகள் அடியில் விலகும், மேலே நெருங்கும். ஒரு முனையை மட்டும் மேசையில் அழுத்திப் பிடித்து மறுமுனையைத் தொங்கவிட்டால் அப்படியே தலைகீழ்: மேலே விலகும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விலகுகிற பக்கத்தில்தான் கம்பி வேண்டும். வளைவுத் திருப்புத்திறன் (பாரம் உத்திரத்தை வளைக்கப் பார்க்கும் அளவு) என்ற பெயரைக் கேட்டே மிரண்ட மாணவர்களுக்கும் இது பிடிபட்டுவிடும்.

ஒரே நீளம், மீட்டருக்கு ஒரே பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு முனையும் தாங்கிய உத்திரத்தின் நடுவில் வரும் திருப்புத்திறனைப்போல் நான்கு மடங்கு, பால்கனி சுவரைச் சேரும் இடத்தில் வருகிறது. அங்கே அடிப்பரப்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 50 மி.மீ.க்கு இறங்கினால் பாதி வலிமைகூடத் தேறாது. எண்ணிப் பார்த்தால் கம்பிகள் அத்தனையும் இருக்கும்!

உத்திரத்தை, அதாவது பீமை, குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டு விசை தூணை ஒட்டிய இடத்தில் மிகுதி. அதனால்தான் பீமில் அங்கே, கம்பிகளைச் சுற்றிவரும் ரிங்குகளை நெருக்கிக் கட்டுகிறோம். அதே இடத்தைக் குழாய்க்காகக் குடைந்ததையும் இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

தங்கள் நாளிதழின் வீடு கட்டுவோர் பக்கத்தில் சிமென்ட் விலைக்கு அருகே, பால்கனியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் போட்டு, கம்பி இருக்க வேண்டிய இடத்தைச் சிவப்பில் காட்டுங்கள். வீட்டுக்காரர்கள் கான்கிரீட் போடும் நாளில் அளவு நாடாவோடு மேலே ஏறட்டும். மேல்கம்பியைத் தாங்க அடியில் முட்டு இருக்கிறதா, நடப்பதற்குத் தனிப் பலகை போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

எங்கள் தெரு வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். சென்ட்ரிங் பிரிக்கும் முன் பொறியாளரை அழைத்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடவியல் விரிவுரையாளர்,
திண்டுக்கல்.