அறிவித்தல் பக்கத்துக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கென வரும் அறிவித்தல்களையும் வியாபார விளம்பரங்களையும் பற்றி எழுதுகிறேன். செய்திப் பக்கத்தில் ஒரு பெயர் பிழைத்தால் அடுத்த நாள் திருத்தம் போடுகிறீர்கள். அறிவித்தல் பக்கமோ பணம் கட்டியவர் கொடுத்தபடியே அச்சேறுகிறது. காணாமற்போன உறுதி, இரத்துச் செய்த அற்றோர்ணித் தத்துவம், விற்பனைக்கு வரும் வயல், இறந்தவரின் சொத்துக்கு உரிமை கேட்கும் வழக்கு எல்லாம் வருவது அந்தப் பக்கத்தில்தான். அவற்றில் பலவற்றைப் படித்து முடித்த பிறகும் எந்தத் திகதிக்குள், எந்த ஊரில், யாரைப் போய்க் காண வேண்டும் என்பது தெரிவதில்லை.

முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகள் இந்த ஒரு விடயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தன. பொஸ்டன் நகரில் 1704 ஏப்ரல் 24 அன்று 'பொஸ்டன் நியூஸ் லெற்றர்' வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியவர் அந்த ஊரின் தபால் அதிபர் ஜோன் கம்பெல். வீடு, காணி, கப்பல், சரக்கு விற்போரும் வாடகைக்கு விடுவோரும், பொருளைத் தொலைத்தவர்களும் அறிவித்தல் தரலாம், கட்டணம் 12 பென்ஸ் (ஒரு ஷில்லிங்) முதல் 5 ஷில்லிங் வரை என்று முதல் இதழிலேயே அச்சிட்டார். மூன்றாவது இதழில் அறிவித்தல்கள் வந்தன. ஏப்ரல் 10 ஆம் திகதி பொஸ்டன் துறையொன்றிலிருந்து இரண்டு இரும்புப் பட்டடைகள் போய்விட்டன. ஒவ்வொன்றும் 120 முதல் 140 இறாத்தல். எடுத்தவரோ விபரம் அறிந்தவரோ தபால் அதிபரிடம் சொன்னால் சன்மானம் உண்டு என்றது ஒன்று. லோங் ஐலண்டின் ஒய்ஸ்ரர் பேயில் கம்பளித் துணி அடிக்கும் ஆலையொன்று விற்பனைக்கோ குத்தகைக்கோ உண்டு. கூடவே செங்கல் வீடு, களஞ்சியம், இளம் பழத்தோட்டம், துப்புரவாக்கிய நிலம் 20 ஏக்கர். தோட்டத்தோடு சேர்த்தும் எடுக்கலாம், ஆலையை மட்டுமாகவும் எடுக்கலாம். நியூயோர்க்கில் அச்சகம் நடத்தும் வில்லியம் பிராட்போர்டிடம் விசாரிக்கவும் என்றது இன்னொன்று. சில வரிகள்தான். ஆனால் பொருள், அளவு, இடம், திகதி, விசாரிக்க வேண்டிய ஆள் எல்லாம் இருக்கின்றன.

அக்காலத்து அச்சு வேலையை அறிந்தால் அந்தச் சுருக்கத்தின் காரணம் புரியும். நான்கு பக்கப் பத்திரிகை என்பது ஒரே தாளை இரு புறமும் அடித்து ஒரு தடவை மடித்தது. முதற் பக்கமும் நான்காம் பக்கமும் தாளின் ஒரு புறத்தில், இரண்டும் மூன்றும் மறுபுறத்தில். தாளை முதல் நாளே நனைத்து வைப்பார்கள். ஓர் ஆள் மை ஒற்ற, மற்றவர் அழுத்துபிடியை இழுக்க, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 200 தாள்களின் ஒரு புறம்தான் முடியும். ஆகவே அவசரமில்லாத முதலாம், நான்காம் பக்கங்களை முன்கூட்டியே அடித்து உலர விட்டு, கடைசியாக வந்த செய்தியை உட்பக்கங்களில் வைத்தார்கள். பழைய பத்திரிகைகளின் முன்பக்கத்தில் விளம்பரம் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான், செய்தியை மதிக்காமை அல்ல.

அச்சுக்குக் கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் வைத்தால் அடுத்த வாரமும் அதே அறிவித்தலைப் போடலாம். அதனால் முதல் வாரத்துக்கு ஒரு விலை, பிந்திய வாரங்களுக்குக் குறைந்த விலை. வில்லியம்ஸ்பர்க் ஊரின் 'வேர்ஜீனியா கசற்' அமெரிக்கப் புரட்சிக்கு முந்திய ஆண்டுகளில் நடுத்தர நீளமான அறிவித்தலுக்கு முதல் வாரம் 3 ஷில்லிங், பிறகு தடவைக்கு 2 ஷில்லிங் என வாங்கியது. ஆண்டுச் சந்தா 12 ஷில்லிங் 6 பென்ஸ். ஐந்து வாரம் ஓடிய ஓர் அறிவித்தல் 11 ஷில்லிங் தந்தது, அதாவது ஒரு வாசகரின் ஆண்டுச் சந்தாவுக்குச் சற்றுக் குறைவு. பிரித்தானியா கொண்டுவந்த 1765 ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங் வரி போட்டபோது அச்சகத்தார் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

அந்த முறையில் ஒரு கெடுதியும் இருந்தது. நிறுத்தச் சொல்லும் வரை போடவும் என்று கொடுத்த அறிவித்தல், காணி விற்று முடிந்த பிறகும் வாரக்கணக்கில் ஓடும். இதைச் சமாளிக்க அறிவித்தலின் அடியில் சிறு எழுத்தையோ எண்ணையோ வைத்தார்கள். எப்போது தொடங்கியது, எத்தனை வாரம் ஓட வேண்டும் என்பது அச்சுக்கோப்பவருக்கு அதிலிருந்து தெரியும். உங்கள் பத்திரிகையிலும் ஒவ்வோர் அறிவித்தலின் அடியிலும் முதலில் வெளியான திகதியையும் கடைசித் திகதியையும் போடுங்கள். அறிவித்தலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுகிறார்கள். பத்திரிகையின் தலைப்பும் திகதியும் வெட்டுப்பட்டுப் போகும். இரண்டு வருடத்துக்கு முந்திய ஏல அறிவித்தல் இன்றையது போலச் சுற்றும். திகதி அறிவித்தலின் பெட்டிக்குள்ளேயே இருந்தால் இது நடக்காது.

கட்டாக்காலி மாட்டு அறிவித்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அது அன்றாடப் பிரச்சினை. அமெரிக்கப் பத்திரிகைகளில் வழிதவறி வந்த குதிரை, மாடு பற்றிய அறிவித்தல்கள் ஏராளம். நிறம், உயரம், நெற்றிச் சுட்டி, எந்தத் தோளில் என்ன குறி, காதில் வெட்டு உண்டா என்று எழுதுவார்கள். முடிவில் ஒரே வாய்பாடு: உரியவர் வந்து, தனது என்று நிரூபித்து, செலவைக் கட்டி, கொண்டு போகவும். நமது பட்டி மாடுகளுக்கும் குறிசுடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அப்படியிருந்தும் நமது அறிவித்தல்களில் 'செவலைப் பசு ஒன்று' என்பதோடு முடிந்துவிடுகிறது.

மாட்டைத் தொலைத்தவர் எல்லா அடையாளத்தையும் சொல்ல வேண்டும்: நாம்பனா பசுவா, நிறம், கொம்பின் வளைவு, காதுவெட்டு, எந்தப் பக்கத்தில் என்ன குறி, கடைசியாக எந்த வட்டையில் மேய்ந்தது, என்ன திகதி. குறியின் வடிவத்தைச் சொல்லால் விளக்க முடியாது; கையால் வரைந்து தந்தால் அதைப் படமாகப் போடுங்கள். மாட்டைப் பிடித்து வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. நிறம், பிடித்த இடம், திகதி, கட்டியிருக்கும் இடம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, கோர வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, குறியையோ காதுவெட்டையோ வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். உரிமை கோரி வருபவர் அதைச் சொல்லட்டும். எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்டால் அறிவித்தலைப் படித்த எவரும் உரிமையாளராகி வந்து நிற்கலாம். கண்டெடுத்த நகைக்கும் பணப்பைக்கும் இதே விதிதான்.

காணி விளம்பரத்துக்கு நல்ல மாதிரி ஒன்று உண்டு. 1773 யூலை 15 திகதியிட்டு ஜோர்ஜ் வாஷிங்ரன் கொடுத்து, ஓகஸ்ட் மாதம் போல்ரிமோரின் 'மேரிலண்ட் ஜேர்னல்' பத்திரிகையில் வந்தது. ஓகையோ, பெரிய கனாவா ஆற்றோரங்களில் 20,000 ஏக்கருக்கு மேல். அதில் 10,000 ஏக்கர் எந்த ஆற்றங்கரையில், எந்த இரு கிளையாறுகளின் முகத்துவாரங்களுக்கு இடையில் உள்ளது என்பதைச் சொல்கிறது. சில ஆண்டுகள் குத்தகைப் பணம் இல்லை. ஆனால் வரும் ஒக்ரோபரிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஒவ்வொரு 50 ஏக்கருக்கும் 3 ஏக்கர் வெட்டி வேலியடைத்துப் பயிரிட வேண்டும், 100 ஏக்கருக்கு 50 பழமரம் வைக்க வேண்டும். தான் இல்லாவிட்டால் யாரைக் காண வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பூர்வகுடிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காணி அறிவித்தலை வாசிப்பவர் அதில் சொல்லாமல் விட்டதையும் தேட வேண்டும்.

இங்கே பெரும்பாலும் விட்டுப்போவது, காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா என்பதுதான். அம்பாறையின் குடியேற்றத் திட்டப் பகுதிகளிலும் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையிலும் இது உயிர்நாடியான கேள்வி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. முற்பணம் கொடுத்த பிறகு இதை அறிந்து தலையில் கை வைத்தவர்கள் எத்தனை பேர்! இந்த ஒரு வரி இல்லாத காணி விளம்பரத்தை உங்கள் அலுவலகம் திருப்பிக் கொடுத்தால் அதுவே பெரிய சேவை. பரப்பளவை ஏக்கர், றூட், பேர்ச் எனத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். 0-2-10 என்பதில் ஒரு கோடு விழுந்தால் காணியே மாறிவிடும். புதிய நில அளவைப் படங்கள் ஹெக்ரேயரில் இருப்பதால் இரண்டையும் போடுவது நல்லது; ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்ரேயர். படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும் வேண்டும். நான்கு எல்லைகளையும் பழைய உறுதியில் உள்ளபடி மட்டும் எழுதினால், எப்போதோ இறந்துபோனவர்களின் வளவுகளாகவே இருக்கும். இன்று பக்கத்தில் இருப்பவர் யார் என்பதையும் சேர்க்க வேண்டும்.

அதே நுணுக்கம் மிகக் கொடிய காரியத்துக்கும் உதவியது. 1769 செப்ரெம்பரில் தோமஸ் ஜெபர்சன் 'வேர்ஜீனியா கசற்'றில் ஓர் அறிவித்தல் கொடுத்தார். அவரிடமிருந்து தப்பிப்போன சாண்டி என்ற அடிமை மனிதரைப் பிடித்துத் தரக் கேட்டது அது. வயது ஏறத்தாழ 35, சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி, இடக்கைக்காரர், தச்சு வேலையும் ஓரளவு தெரியும், ஒரு வெள்ளைக் குதிரையையும் தொழிற்கருவிகளையும் கொண்டுபோனார். அதே மாவட்டத்தில் பிடித்தால் 40 ஷில்லிங் (2 பவுண்), வேர்ஜீனியாவின் வேறு இடத்தில் 4 பவுண், வெளியே 10 பவுண். ஏழு ஆண்டு கழித்துச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் இவரே. மனிதரை விற்கும் அறிவித்தல்களும் அக்காலப் பத்திரிகைகளில் சாதாரணம். விபரத்தை அச்சகத்தில் கேட்கவும் என்று போட்டு அச்சகத்தாரே தரகரானார்கள். பணம் கட்டினால் போடுவோம் என்ற கொள்கை அந்த அளவுக்கும் போகும். சாண்டி போன்றவர்களின் வயதும் தொழிலும் துணிவும் இன்று நமக்குத் தெரிய வருவதும் இதே பக்கங்களிலிருந்துதான்.

அதனால்தான் சொல்கிறேன், பணிப்பெண் வேலைக்கு ஆள் எடுக்கும் முகவரின் விளம்பரத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கம் இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள். 'உடனடிக் கடன்' என்று வரும் விளம்பரத்தில் வருடாந்த வட்டி வீதம் இல்லாவிட்டாலும் அப்படியே. வாரத் தவணையை மட்டும் காட்டும் கணக்கால் நமது ஊர்ப் பெண்கள் பட்ட பாடு போதும்.

நீதிமன்ற அறிவித்தல் வேறு வகை. அமெரிக்க ஊர்களில் தேவாலயக் கதவிலும் நீதிமன்றத்திலும் சாராயக் கடையிலும் ஒட்டிவிட்டு, பத்திரிகையிலும் போட்டார்கள். நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும், அசையா ஆதனத்தைக் கைப்பற்றும்போது பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ அந்த இடத்தில் அறிவித்து, பிரதியைக் காணியிலும் நீதிமன்றத்திலும் ஒட்ட வேண்டும் என இருக்கிறது. குரல், சுவர், தாள் மூன்றும் சேர்ந்தால்தான் ஊரில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். ஊரில் இல்லாதவருக்கு? 1950 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் முலேன் வழக்கில், முகவரி தெரிந்த ஒருவருக்குப் பத்திரிகை அறிவித்தல் மட்டும் போதாது, தபாலில் அனுப்ப வேண்டும் என்று தீர்த்தது. ஒரு வளவின் பங்காளிகளில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கட்டாரிலும் இருக்கும் நமது ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் இத்தகைய அறிவித்தல்களைப் பிரதேச செயலர் பிரிவு வாரியாக அடுக்கி, மாதம் ஒருமுறை இணையப் பதிப்பில் திகதியுடன் தொகுத்துப் போட முடியும். வாகரைக் காணிக்காரர் வாகரையை மட்டும் பார்த்தால் போதும்.

கடை விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய அமெரிக்க விளம்பரங்களிலும் விலை அரிது. ஆனால் எந்தக் கப்பலில் வந்த சரக்கு, என்னென்ன துணி, காசுக்கா விளைபொருளுக்கா, கடை எந்தப் பலகைக்குக் கீழே என்பன இருந்தன. வெள்ளி வேலை செய்த போல் ரெவியர் 1768 இல் செயற்கைப் பல் கட்டுவதாக விளம்பரம் செய்தபோது கிளார்க்கின் துறை முனைக்கு அருகே எனத் தன் கடைக்கு வழி சொன்னார். இங்கேயும் 'திருமலை வீதி' என்று மட்டும் போடாமல், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து எந்தப் பக்கம் என்று ஒரு சொல் சேர்க்கலாம். கறுப்பில் வெள்ளை எழுத்து வேண்டாம். பத்திரிகைத் தாளில் மை பரவி 3 உம் 8 உம் ஒன்றாகிவிடும். தமிழுக்கு 8 பொயின்றுக்குக் கீழே போனால் விசிறியும் புள்ளியும் அடைபடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய இதழ்களை மின்வடிவாக்கும்போது செய்திகளை மட்டும் வெட்டி எடுக்காமல் முழுப் பக்கத்தையும், இடையில் செருகிய விளம்பரத் தாள்களையும் சேர்த்து வருடுங்கள். 1978 சூறாவளியிலும் 2004 கடல்கோளிலும் வீடுகளில் இருந்த உறுதிகளும் படங்களும் அழிந்தன. ஒரு காணி எந்த ஆண்டில் யார் பெயரில் விற்பனைக்கு வந்தது என்பதற்கு, பத்திரிகையின் நான்கு வரி துணைச் சான்றாகலாம். ஒவ்வோர் ஆண்டுத் தொகுப்பிலும் ஒரு பிரதியை மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும் இன்னொன்றைக் கல்முனையில் ஒரு நூலகத்துக்கும் கொடுத்து வைத்தால், வெள்ளம் ஓர் ஊரில் வந்தாலும் மற்ற ஊரில் பிரதி இருக்கும்.

இங்ஙனம்,
அச்சுத் தொழில் அறிந்த வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.