இரண்டாம் அலையை எழுதிப் படிக்க விடுங்கள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கலைக்கல்லூரி ஒன்றில் எம்.ஏ. மாணவிகளுக்குப் பெண்ணியத் தாள் எடுக்கிறேன். நான் பார்த்த பாடத்திட்டங்களில் இரண்டாம் அலைப் பெண்ணியம், அதாவது அமெரிக்காவில் 1960, 70களில் எழுந்த பெண்கள் இயக்கம், ஒரு பத்து மதிப்பெண் கேள்வியாகத்தான் இருக்கிறது. 1963, பெட்டி ஃப்ரீடனின் நூல், வீட்டுக்குள் அடைபட்ட இல்லத்தரசிகளின் பெயரில்லாத பிரச்சினை. அப்புறம் 1970, கேட் மில்லெட்டின் ‘செக்ஷுவல் பாலிடிக்ஸ்’ நூல். கைடில் நாலு பக்கம் இருக்கும். மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நீங்கள்தான் மாற்ற முடியும்.

அந்த இயக்கம் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 1960களின் கடைசியில் நியூயார்க்கில் பெண்கள் சிறு குழுவாகக் கூடுவார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்வாள். எல்லாரும் பேசி முடிக்கும்போதுதான், தன் வீட்டுச் சிக்கல் என்று நினைத்திருந்தது எல்லார் வீட்டிலும் இருப்பது தெரியவரும். அதை எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து, கைக்குக் கை கொடுத்தார்கள். ‘தனிப்பட்டது அரசியலே’ என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, 1969இல் அமெரிக்கப் பெண்ணியவாதி கேரல் ஹேனிஷ் அந்தப் பெயரில் வந்த கட்டுரையைத் தோழிகளுக்கான ஒரு குறிப்பாகத்தான் எழுதினார். மறுவருடம் அதைத் தொகுப்பில் சேர்த்தவர்கள் வைத்த தலைப்பு அது. அதே 1969இல் பாஸ்டனில் ஒரு மாநாட்டில் சந்தித்த பெண்கள், தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே தேடிப் படித்து எழுதத் தொடங்கினார்கள். அது 1970இல் 75 சென்ட் விலையில் மலிவுத் தாளில் வந்து, 1973இல் பெரிய பதிப்பகம் வெளியிட்ட ‘அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்’ ஆனது.

இப்படி எழுதி எழுதியே வளர்ந்த இயக்கத்தை, மாணவி சொந்தமாக ஒரு வரிகூட எழுதாமல் படித்து முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வகுப்பில் அதே இயக்கத்தைச் சேர்ந்த பேட் மெய்னார்டியின் 1970ஆம் வருடக் கட்டுரையைச் சேர்ந்து வாசித்தோம். வீட்டுவேலையிலிருந்து நழுவக் கணவன் சொல்லும் சாக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உள்ளர்த்தம் சொல்லியிருப்பார். உங்கள் வீட்டுச் சாக்குகளை இதே மாதிரி எழுதுங்கள் என்றேன். ஒருத்தி எழுதியது: “‘நீ வைக்கிற ரசம் மாதிரி வராதும்மா’ என்று அண்ணன் சொன்னால், ஆயுசுக்கும் ரசம் நீதான் வைக்க வேண்டும் என்று அர்த்தம்.”

இன்னொருத்தி ஃப்ரீடனைப் படித்துவிட்டு எழுந்து கேட்டாள்: “எங்கம்மா நடவுக்குப் போறாங்க மேடம். வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க அவங்களுக்கு ஏது நேரம்?” பதில் சொல்லாமல், அம்மாவின் ஒரு நாளை அம்மாவே சொல்வது போல எழுதி வரச் சொன்னேன். விடியுமுன் எழுந்து ஆக்கி, தூக்குச்சட்டியில் சோறெடுத்து, வரப்பில் நடந்தபடியே தலையை முடிந்துகொள்ளும் ஒரு பெண் அந்தத் தாளில் இருந்தாள். அதற்குப் பிறகுதான் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸின் 1984ஆம் வருட நூலைக் கொடுத்தேன். படித்த வெள்ளைக்காரப் பெண்கள் வேலைக்குப் போய்விட்டால் அவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்று அதில் அவர் கேட்கிறார். என் மாணவி ஏறக்குறைய அதே கேள்வியைத் தானாகவே கேட்டுவிட்டிருந்தாள். 1977இல் பாஸ்டன் கறுப்பினப் பெண்கள் வெளியிட்ட கம்பாஹீ ரிவர் அறிக்கையையும் அடுத்து வாசித்தோம். இனம், வர்க்கம், பால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை என்று அது சொல்வதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இந்த எழுத்துகளுக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் போட அனுமதி கேட்டபோது, சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அலைகளின் வரலாற்றுச் சுருக்கம் இருக்கும் யூனிட்டில், கைட் கட்டுரைக்குப் பதில் மெய்னார்டி, ஹேனிஷ், கம்பாஹீ அறிக்கை மூன்றையும் மூலமாகவே வையுங்கள். எதுவும் பெரியதல்ல. அசைன்மென்டில் ஒன்றையாவது கதையாகவோ கடிதமாகவோ தன்வரலாற்றுக் குறிப்பாகவோ எழுத விடுங்கள். தமிழிலும் எழுதலாம் என்று சேர்த்துவிடுங்கள், அம்மாவின் பேச்சை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பாதி போய்விடும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: வீட்டு விஷயத்தை எவ்வளவு திறந்து சொன்னாள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, அவள் சம்மதமில்லாமல் அந்தத் தாளை வகுப்பில் வாசிக்கவும் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மாணவிகள் சம்மதித்த எழுத்துகளோடு நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை